ஒரு வீரரின் ஆயுளை நோட்டில் எழுதுவது எப்படி? வேர்பாலுவை வைத்து நான் சொல்லிக்கொடுக்கும் முறை

திசையன்விளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் 27 வருஷம் விளையாட்டு வாத்தியாராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் காலை ஐந்தரைக்குத் தேரிக்கு, அதாவது எங்கள் பக்கத்துச் செம்மணல் மேட்டுக்கு, போய்விடுவேன். ஏழெட்டுப் பிள்ளைகள் ஓட வரும். அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருத்தரும் இரண்டு நோட்டு வைத்திருக்க வேண்டும். ஒன்றில் அவரவர் ஓடிய நேரம். இன்னொன்று வேறொரு ஆளுடைய நோட்டு. உலகத்தில் எங்கேயோ இருக்கிற ஒரு நெடுந்தூர வீரரை எடுத்துக்கொண்டு, அவர் பிறந்த வருஷம் தொடங்கி வருஷத்துக்கு ஒரு வரி எழுதிக்கொண்டே வர வேண்டும். அதை எப்படி எழுதுவது என்று பக்கத்து ஊர் வாத்தியார்கள் சிலர் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இது.

இந்தப் பழக்கம் ஒரு பையனால் வந்தது. பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கத்தில் 5,000 மீட்டர் ஓட்டம். முதலில் வந்தவன் 17 நிமிஷம். நம்ம பையன் 17 நிமிஷம் 11 நொடி, நாலாவது இடம். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தவன், நாங்குநேரி தாண்டினதும் சொன்னான்: "நமக்கு இது ஆவாது சார். விட்டுருதேன்." வயது 16. அவன் பார்த்த வீரர்கள் எல்லாரும் ஜெயித்த அன்றைக்கு எடுத்த போட்டோவில் இருக்கிறவர்கள். அதற்கு முந்தின பத்து வருஷம் அந்த ஆள் எத்தனையாவதாக வந்துகொண்டிருந்தார் என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை. நானும் காட்டவில்லை. "இருல மக்கா, முதல்ல ஒரு நோட்டு வாங்கிட்டு வா" என்றேன்.

அவனுக்குக் கொடுத்த பெயர் அந்த்ருஸ் வேர்பாலு. எஸ்தோனியா நாட்டுக்காரர், நெடுந்தூரப் பனிச்சறுக்கு வீரர். இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து வீர்பாலு என்று படித்துவிடாதீர்கள். அவர்கள் மொழியில் 'ee' என்ற அந்த இரட்டை எழுத்துக்கு நம்ம 'ஏ' ஓசைதான்.

பனியே பார்க்காத பிள்ளைகளுக்கு எதற்குப் பனிச்சறுக்கு வீரர் என்று கேட்பீர்கள். நான் வேண்டுமென்றேதான் அப்படி எடுத்தேன். ஓட்டக்காரரைக் கொடுத்தால் பிள்ளைகள் அவர் போட்ட ஷூவைப் பார்க்கிறார்கள், தின்கிற சாப்பாட்டைப் பார்க்கிறார்கள், அதை வாங்கித் தரச் சொல்லி வீட்டில் அழுகிறார்கள். பனிச்சறுக்குக்காரரிடம் இங்கே இருந்து எடுத்துக்கொள்ள அவருடைய வருஷங்களைத் தவிர வேறொன்றும் கிடையாது. இன்னொரு காரணம், அந்த நாடு. எஸ்தோனியாவில் இருப்பது 13 லட்சம் சனம். தென்காசி பிரிவதற்கு முந்தின நம்ம திருநெல்வேலி மாவட்டத்தில் 2011 கணக்குப்படி 30 லட்சத்துக்கும் மேல். அந்த நாட்டின் உயரமான குன்று சூர் முனமாகி. உயரம் 318 மீட்டர். நம்ம பொதிகை 1,868 மீட்டர். "சின்ன ஊரு சார், வசதி இல்ல சார்" என்கிற பேச்சு அந்தப் பையனிடம் அதோடு நின்றது.

நோட்டு கோடு போட்ட பெரிய நோட்டாக இருக்கட்டும், 80 பக்கம் போதும். பேனாவால்தான் எழுத வேண்டும். இடது பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். வலது பக்கத்தை வெறுமனே விட்டுவிடுங்கள். அதற்கு வேலை பின்னால் வரும். ஒவ்வொரு வரியிலும் வருஷம், அந்த வருஷம் அவருக்கு என்ன வயது, எங்கே, எத்தனை கிலோமீட்டர், என்ன கிடைத்தது. இவ்வளவுதான். ஒன்றும் கிடைக்காத இடத்தில் கோடு போட்டுத் தாண்டாமல் 'பதக்கம் இல்லை' என்று முழுசாக எழுத வேண்டும். இதில் நான் ரொம்பக் கண்டிப்பு. பையனுடைய முதல் பக்கம் இப்படி இருந்தது:

1971. பிப்ரவரி 8. பார்னு என்ற ஊரில் பிறப்பு. அப்போது சோவியத் ஒன்றியம்.
1991. வயது 20. எஸ்தோனியா மறுபடி சுதந்திர நாடு.
1992. வயது 21. ஆல்பர்ட்வில் ஒலிம்பிக். பதக்கம் இல்லை.
1994. வயது 23. லில்லஹாமர் ஒலிம்பிக். பதக்கம் இல்லை.
1998. வயது 27. நகானோ ஒலிம்பிக். பதக்கம் இல்லை.
1999. வயது 28. ராம்சாவ் உலகப் போட்டி. 50 கி.மீ. வெள்ளி.

1971-க்கும் 1991-க்கும் நடுவில் உள்ள வரிகளை இங்கே விட்டிருக்கிறேன். நோட்டில் அவை உண்டு, காலியாக. 1993-ம் உண்டு, 1995, 96, 97-ம் உண்டு. அந்தக் காலி வரிகளின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தச் சொல்வேன். இந்த விளையாட்டில் உலகத் தரத்தில் இருக்கிறவர்கள் வருஷத்துக்கு 700 முதல் 900 மணி நேரம் பயிற்சி செய்கிறார்கள். இது அவருடைய சொந்தக் கணக்கு இல்லை, அந்த விளையாட்டின் பொதுக் கணக்கு. அதில் பெரும்பகுதி பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே செய்யக்கூடிய மெதுவான பயிற்சி. கோடையில் பனி இருக்காது. அப்போது உருளை வைத்த சறுக்குப் பலகையில் தார் ரோட்டில் போவார்கள், கையில் கம்போடு மேட்டில் ஏறி ஓடுவார்கள். ஒரு காலி வரி என்றால் 700 மணி நேரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்பர்ட்வில்லிலிருந்து ராம்சாவ் வரை ஏழு வருஷத்தைப் பெருக்கினால் 4,900. பையன் அந்த எண்ணை ஓரத்தில் எழுதி வட்டம் போட்டான். பிறகு தன் நோட்டைப் புரட்டிப் பார்த்தான். அவன் அதுவரை ஓடியது மொத்தம் 210 மணி நேரம்.

தேதிகளையும் விட்டுவிடாதீர்கள். ஆல்பர்ட்வில் ஒலிம்பிக் தொடங்கியது 1992 பிப்ரவரி 8. அவருடைய 21-வது பிறந்த நாள். சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக் தொடங்கியது 2002 பிப்ரவரி 8. அவருக்கு 31. ஒரே தேதி, நடுவில் சரியாகப் பத்து வருஷம். இதைக் கண்டுபிடித்தது நானில்லை. ஒரு பிள்ளை வயதைக் கணக்குப் போடும்போது கண்டுபிடித்து ஓடி வந்து காட்டியது.

அடுத்து, அந்த விளையாட்டு எப்படி நடக்கிறது என்று ஒரு பக்கமாவது எழுத வேண்டும். தெரியாமல் எழுதினால் வெறும் வருஷக் கணக்காகப் போய்விடும். நெடுந்தூரப் பனிச்சறுக்கில் இரண்டு வகை. பழைய முறைக்கு கிளாசிக் என்று பெயர். இரண்டு பலகையும் பனியில் வெட்டின தடத்துக்குள் நேராக, நாம் நடக்கிற மாதிரி மாறி மாறிப் போகும். 1980-களில் பரவிய இன்னொரு முறையில் காலை அகட்டி அகட்டிப் பலகையின் ஓரத்தால் தள்ளிப் போவார்கள். அதுதான் ஃப்ரீஸ்டைல் போட்டிகளில் நடப்பது. வேர்பாலுவின் ஒலிம்பிக் தங்கமும் உலகப் போட்டித் தங்கமும் எல்லாமே கிளாசிக்கில் வந்தவை. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'கி' அல்லது 'ஃப்' என்று போட்டால் அது தானே தெரிந்துவிடும்.

கிளாசிக்கில் ஒரு சூட்சுமம் உண்டு, அதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க நான் ரொம்ப நாள் தவித்தேன். பலகை கீழே வழுக்கவும் வேண்டும், உந்தும்போது வழுக்காமல் பிடிக்கவும் வேண்டும். ஒரே பலகை எப்படி இரண்டும் செய்யும்? பலகை நடுவில் வில் மாதிரி மேல்நோக்கி வளைந்திருக்கும். சும்மா சறுக்கும்போது முன்பகுதியும் பின்பகுதியும்தான் பனியில் படும். ஒற்றைக் காலில் முழுப் பாரத்தையும் போட்டு மிதித்தால் நடுப்பகுதி அமர்ந்து பனியைத் தொடும். அந்த நடுப்பகுதியில் பிடிப்புக்கென்று ஒரு மெழுகு தடவியிருப்பார்கள். முன்னும் பின்னும் வழுக்குவதற்கென்று வேறு மெழுகு. குளிர்ந்த பனிக்குக் கெட்டி மெழுகு, இளகின பனிக்கு மிருதுவான மெழுகு, உருகி மறுபடி உறைந்த பனிக்குப் பிசின் மாதிரி ஒன்று. தப்பாகத் தடவினால் கால் பின்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும். இல்லாவிட்டால் பனி அடியில் அப்பிக்கொண்டு பலகை நகராது.

இதைச் சொல்லும்போது பிள்ளைகள் முகத்தில் ஒன்றும் தெரியாது. ஒருநாள் எங்கள் அப்பாவின் தளைநாரை, பனையேறும்போது காலில் மாட்டுகிற நார் வளையத்தை, கொண்டுபோனேன். அப்பா பனையேறி. காலில் தளைநாரைப் போட்டு மரத்தில் மிதித்தால் அது மரத்தைக் கவ்வும். பாரத்தைக் கைக்கு மாற்றிக் காலைத் தூக்கினால் வழுக்கிக்கொண்டு மேலே வரும். 'மிதிச்சாப் பிடிக்கணும், விட்டா நழுவணும்' என்பார் அப்பா. மழை பெய்து மரம் ஈரமாக இருந்தால் ஏற மாட்டார். பனியின் சூடு பார்த்து மெழுகு தடவுகிற வித்தையும் அதுதான். தளைநாரைக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்த பிள்ளைகளுக்கு அதற்கப்புறம் நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. உங்கள் ஊரில் பனை இல்லை என்றால் வேறு ஏதாவது இருக்கும், தேடுங்கள். தூரத்து விளையாட்டைப் பக்கத்தில் கொண்டுவர ஒரு பொருள் கையில் இருந்தாக வேண்டும்.

2002-க்கு வருவோம். சால்ட் லேக்கில் 15 கிலோமீட்டர் கிளாசிக், பிப்ரவரி 12. வேர்பாலு 37 நிமிஷம் 7.4 நொடியில் தங்கம். கிலோமீட்டருக்கு இரண்டரை நிமிஷத்துக்குள். வெள்ளி நார்வேயின் ஃப்ரோட எஸ்டில், 36 நொடி பின்னால். வெண்கலம் யாக் மயே, அவரும் எஸ்தோனியாக்காரர்தான். குளிர்கால ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக்கு அதற்கு முன்னால் ஒரு பதக்கமும் கிடையாது. வந்த அன்றைக்கு இரண்டாக வந்தது. பக்கத்தில் யார் நின்றார்கள் என்று எழுதச் சொல்வது இதற்காகத்தான். தனியாக ஒரு ஆள் மட்டும் மேலே வரவில்லை. இரண்டு பேரும் மாத்தி அலாவெர் என்ற ஒரே பயிற்சியாளரின் கூட்டத்தில் வளர்ந்தவர்கள்.

நொடியை அப்படியே எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். அதைப் பிள்ளையின் தூரத்துக்கு மாற்றிக் காட்டுங்கள். வழி சுலபம்: பின்தங்கின நொடியை ஜெயித்தவரின் மொத்த நொடியால் வகுத்து, பிள்ளை ஓடுகிற போட்டியின் மொத்த நொடியால் பெருக்குங்கள். 36-ஐ 2,227.4-ஆல் வகுத்து, 17 நிமிஷத்துக்கான 1,020-ஆல் பெருக்கினால் பதினாறரை நொடி. பாளையங்கோட்டையில் நம்ம பையன் பின்தங்கியது 11 நொடி. அதாவது ஒலிம்பிக் வெள்ளி வாங்கினவர் தங்கம் வாங்கினவரிடமிருந்து இருந்த தூரத்தைவிட இவன் கிட்டத்தில் இருந்திருக்கிறான். ஒலிம்பிக்கும் வட்டாரப் போட்டியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, அவனிடமும் சொல்லவில்லை. 11 நொடி என்பது ஓட்டத்தை விட்டுவிட்டுப் போகிற அளவு தூரமில்லை என்று மட்டும் அந்தக் கணக்கு அவனுக்குச் சொன்னது. 2006 தூரினில் அதே 15 கிலோமீட்டரில் வேர்பாலு மறுபடி தங்கம். நேரம் 38 நிமிஷம் 1.3 நொடி, செக் நாட்டு லூகாஷ் பாவர் 14.5 நொடி பின்னால். இதை மாற்றினால் ஆறரை நொடி.

அந்தப் போட்டிகளில் எல்லாரும் சேர்ந்து புறப்படுவதில்லை. அரை நிமிஷத்துக்கு ஒருவராக விடுவார்கள். முன்னால் ஓடுகிறவன் முதுகைப் பார்த்து ஓட முடியாது, கடிகாரத்தோடுதான் போட்டி. இதை அப்படியே தேரியில் செய்கிறோம். அதிகாலையில் பனித்துளி விழுந்த செம்மண் கெட்டியாக இருக்கும், வெயில் ஏறினால் கால் கணுக்கால் வரை புதையும். ஆகவே ஆறு மணிக்கெல்லாம் முடித்துவிட வேண்டும். அரை நிமிஷ இடைவெளியில் ஒவ்வொருவராகப் போய் ஒரு வட்டம் சுற்றி வருவார்கள். கையில் இரண்டு மூங்கில் கம்பு ஊன்றி மேடேறும் பயிற்சி வாரத்துக்கு ஒரு நாள், அதற்கு மேல் வேண்டாம், தோள் வலிக்கும்.

வலது பக்கத்துக்கு வேலை வருவது இங்கேதான். 2002-இல் 50 கிலோமீட்டர். அன்று எல்லைக்கோட்டைத் தாண்டியதில் வேர்பாலு மூன்றாவது. முதலில் வந்தவர் ஸ்பெயினுக்காகப் போட்டியிட்ட யோஹான் ம்யூலெக். அவர் ஊக்கமருந்து எடுத்தது சோதனையில் தெரிந்து அவரை நீக்கினார்கள். தங்கம் ரஷ்யாவின் மிகைல் இவானோவுக்கு, வெள்ளி வேர்பாலுவுக்கு. இடது பக்கத்தில் அன்றைக்கு நடந்ததை எழுதுங்கள்: 'மூன்றாவது.' வலது பக்கத்தில் பிறகு நடந்ததை எழுதுங்கள்: 'வெள்ளியாக மாறியது, காரணம் இது.' ஒன்றை அடித்துவிட்டு இன்னொன்றை எழுதாதீர்கள். இரண்டும் நடந்தவைதான். 1999-இல் அவருக்கு முன்னால் தங்கம் வாங்கிய பின்லாந்தின் மிகா மில்லிலா 2001-இல் லாஹ்தி உலகப் போட்டியில் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினார். அதுவும் வலது பக்கம். அதே லாஹ்தியில்தான் வேர்பாலு 30 கிலோமீட்டரில் முதல் உலகத் தங்கம் வாங்கினார். அப்போது வயது 30. 2009-இல் லிபெரெட்ஸில் 15 கிலோமீட்டரில் மறுபடி தங்கம், வயது 38. 2010 வான்கூவர் அவருக்கு ஆறாவது ஒலிம்பிக்.

அந்த இடத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். 2010-ஓடு நோட்டை மூடச் சொல்லிவிட்டேன். 2011-இல் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் அவர் மேல் அவ்வளவு பிரியமாக இருந்தார்கள், அதைக் கெடுக்க மனசு வரவில்லை. மூன்று வாரம் கழித்து எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று நோட்டை நீட்டியது. "ஏம் சார் 2011 எழுதச் சொல்லல? எங்க அண்ணன் போன்ல பாத்தேன்." காலி வரியைத் தாண்டக் கூடாது என்று அத்தனை நாள் சொன்னவன் நான். அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் எல்லாரையும் உட்கார வைத்து எழுதச் சொன்னேன். 2011 பிப்ரவரியில் ஓய்வு அறிவித்தார். அதே வருஷம், அவருடைய மாதிரியில் வளர்ச்சி ஹார்மோன் இருந்ததாகச் சோதனை முடிவு வெளியானது. சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் மூன்று வருஷம் தடை போட்டது. அவர் மேல்முறையீடு செய்தார். 2013 மார்ச்சில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் தடையை நீக்கியது. எந்த அளவுக்கு மேல் போனால் குற்றம் என்று வைத்திருந்த எல்லை எண்கள் நம்பத்தக்கவை என்று நிரூபிக்கப்படவில்லை என்பது காரணம். ஆனால் அவர் எடுத்திருப்பார் என்று காட்டக்கூடிய அம்சங்கள் பல இருப்பதாகவும் அதே தீர்ப்பு சொன்னது. 2019-இல் ஆஸ்திரியாவின் சேஃபெல்டில் உலகப் போட்டி நடந்தபோது ரத்த ஊக்கமருந்து வழக்கில் போலீஸ் பிடித்தவர்களில் அவருடைய மகன் அந்த்ரேயாஸும், இன்னொரு எஸ்தோனிய வீரர் காரெல் தம்யார்வும் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் தடை. பழைய பயிற்சியாளர் அலாவெரின் பெயரும் அந்த வழக்கில் வந்தது.

இதை எழுதும்போது மூன்று விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். யார் சொன்னது என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும்: சம்மேளனம் இப்படிச் சொன்னது, நீதிமன்றம் இப்படிச் சொன்னது. சம்மேளனம் போட்ட தடையை மட்டும் எழுதிவிட்டு நீதிமன்றம் நீக்கியதை விட்டால் அவருக்கு அநியாயம். நீக்கியதை மட்டும் எழுதினால் பிள்ளைகளுக்கு அநியாயம். பிறகு, முந்தின பக்கங்களைக் கிழிக்க விடாதீர்கள். ஒரு பையன் கிழிக்கப் போனான், கையைப் பிடித்துக்கொண்டேன். 2002, 2006, 2009 பதக்கங்கள் இன்றைக்கும் அவர் பெயரில்தான் இருக்கின்றன. அந்த 4,900 மணி நேரக் கணக்கும் பொய்யாகிவிடவில்லை. கடைசியாக, வாத்தியார் என்ன நினைக்கிறார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். மழுப்பாமல் சொல்லுங்கள். நான் சொன்னது: அவரைப் போல இருங்கள் என்று இனிமேல் உங்களிடம் சொல்ல மாட்டேன். அவருடைய நோட்டை எழுதுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

அந்தப் பக்கத்தை விட்டுவிடக் கூடாது என்பதற்கு இங்கேயே காரணம் உண்டு. வெளியூர்ப் போட்டி ஒன்றில், மைதானத்துக்கு வெளியே, முன்பின் தெரியாத ஒரு ஆள் நம்ம பையனிடம் ஒரு ஊசி மருந்துப் பொட்டலத்தைக் காட்டி, 'இதைப் போட்டால் கடைசி இரண்டு சுற்று தெரியாது' என்றிருக்கிறான். பையன் நேராக என்னிடம் வந்து சொன்னான். நோட்டு எழுதியதால்தான் சொன்னான் என்று நான் உரிமை கொண்டாட மாட்டேன். அவன் வளர்ந்த வீடு அப்படி. ஆனால் இந்தப் பேச்சு ஏற்கெனவே எங்களுக்குள் நடந்திருந்ததால் அவனுக்கு என்னிடம் சொல்லக் கூச்சமாக இல்லை. போட்டிக்குப் போகுமுன் ஜுர மாத்திரை முதல் சத்து மாவு வரை எதைத் தின்றாலும் வாத்தியாரிடம் காட்டிவிட்டுத் தின்ன வேண்டும் என்பதையும் அன்றிலிருந்து வைத்திருக்கிறோம்.

என்னைக் கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை இப்போது இரண்டாவது நோட்டு தொடங்கியிருக்கிறது. அதுவும் எஸ்தோனியாதான்: கிறிஸ்டினா ஷ்மிகுன். 1977-இல் தார்த்து நகரில் பிறப்பு, அப்பா அம்மா இருவரும் பனிச்சறுக்குக்காரர்கள். 2006 தூரினில் ஐந்து நாளுக்குள் இரண்டு தங்கம். 2010 வரி வரை வந்தாயிற்று. நடுவில் ஒருநாள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றது. "சார், 2008-ல அவங்களுக்கு மக பொறந்திருக்கு. இத இடது பக்கம் எழுதணுமா, வலது பக்கமா?" இடது பக்கம்தான் என்றேன். எழுதிவிட்டு 2010-க்குப் போனது. வான்கூவரில் 10 கிலோமீட்டர், ஸ்வீடனின் ஷார்லட் கலாவிடம் 6.6 நொடியில் தங்கம் போய் வெள்ளி. கலாவின் நேரம் 24 நிமிஷம் 58.4 நொடி. பிள்ளை ஓடுவது 3,000 மீட்டர், 11 நிமிஷத்தில். மண்ணில் உட்கார்ந்து குச்சியால் வகுத்துப் பெருக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தது.

"மூணு நொடி கூட இல்ல சார்."